எழுந்து நிற்கும் பாட்டு

பொத்ரேரோ ஊரில் தேசிய கீதம் ஒருநாளும் தனியாக முடிந்ததில்லை. கடைசி சுரம் ஓய்வதற்குள் பெரிய டிரம் இரண்டு அடி அடிக்கும். உடனே ஆளும் சிவப்புக் கட்சியின் பாட்டான போல்கா மெட்டு தொடங்கிவிடும். கீதத்துக்கு எழுந்தவர்கள் உட்காராமல் அப்படியே நிற்பார்கள். பெண்கள் கழுத்திலிருந்த சிவப்புக் கைக்குட்டையை அவிழ்த்துச் சுழற்றுவார்கள். ஆண்களில் யாராவது ஒருவர் தொண்டை கிழியக் கூவுவார். கல்யாணமாக இருந்தாலும் சரி, புனிதர் திருநாளாக இருந்தாலும் சரி, முதலில் இது முடிய வேண்டும். அப்புறம்தான் மணப்பெண் உட்காரலாம், பாதிரியார் பேசலாம்.

இதை முப்பது வருஷத்துக்கு மேல் ஊதியவர் செகுந்தினோ பிரீத்தெஸ். ஊர் பேண்டில் ஐந்து பேர், அவர் டிரம்பெட். ஒல்லியான ஆள். எப்போதும் யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கி நிற்பதுபோல உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

ஒரு திருநாளில் தையற்காரர் ஒருவர் அந்தப் பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. தொடையில் கட்டி. போலீஸ் நிலையத்தில் அதை எடுத்துச் சொன்னாராம். அவர்கள் கட்டியையும் பார்த்தார்களாம். இருந்தாலும் மூன்று வாரம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு தெருவில் யாராவது அந்த மெட்டைச் சீட்டியடித்தால்கூடத் தையல் மிஷினை விட்டு எழுந்து நிற்பார். பையன்கள் வேண்டுமென்றே சீட்டியடிப்பார்கள். அந்தத் திருநாளிலும் ஊதியது செகுந்தினோதான்.

அவருடைய அப்பா நீலக் கட்சிக்காரர். நாற்பத்தேழாம் வருஷத்து உள்நாட்டுச் சண்டையில் தோற்ற பக்கம். திரும்பி வந்த பிறகு வீட்டில் கட்சிப் பேச்சே எடுத்ததில்லை. ஆனால் மரவள்ளிக் காட்டில், கூப்பிட்டால் கேட்காத தூரம் போனதும், வாயைத் திறக்காமல் மூக்காலேயே ஒரு மெட்டை இழுப்பார். அது நீலத்தின் போல்கா. பின்னாலேயே கிழங்கு பொறுக்கிக்கொண்டு போன செகுந்தினோவின் காதில் அது ஒட்டிக்கொண்டது. பிற்பாடு டிரம்பெட் கைக்கு வந்ததும், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஊதாமல் விரல்களால் மட்டும் வால்வுகளை அழுத்தி அதை வாசித்துப் பார்ப்பதுண்டு. ஒரு சத்தமும் வராது. ஆனால் சட்டை நனைந்துவிடும்.

நாட்டைப் பல வருஷம் ஆண்ட ஜெனரல் விமானம் ஏறித் தப்பிப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவரைத் துரத்தியவர்களும் சிவப்புக்காரர்கள்தான். அதனால் பொத்ரேரோவில் மாறியதெல்லாம் கட்சி ஆபீஸ் சுவரிலிருந்த படம் ஒன்றுதான். ஆம்புலன்ஸ் இன்னமும் கட்சி ஆபீஸ் முற்றத்தில்தான் நின்றது. காய்ச்சலுக்கு மருந்தும், ஏழை செத்தால் சவப்பெட்டியும் அங்கேதான் கிடைத்தன. கொடுப்பவர் கிளைத் தலைவர் தோன் அஸ்தேரியோ.

அப்போதுதான், ஊர்த்தலைவரை மேலேயிருந்து போடாமல் ஊரே தேர்ந்தெடுக்கலாம் என்று ஆனது. தேர்ந்தெடுத்தார்கள். ஊரார் டாக்டர் என்று கூப்பிடும் மருந்துக்கடை மரேக்கோ ஜெயித்தார், நீலக் கட்சி. அவருக்கு யார் ஓட்டுப் போட்டார்கள் என்றுதான் தெரியவில்லை. கேட்டால் எல்லோரும் சிவப்புக்கே போட்டிருந்தார்கள்.

ஜெயித்த வாரமே மரேக்கோ செகுந்தினோவின் வீட்டுக்கு வந்தார். தெற்கிலிருந்து குளிர்காற்று அடித்துக்கொண்டிருந்தது. செகுந்தினோவின் மனைவி தெல்ஃபினா சூடாக மாத்தே இலைப் பானம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் கதவருகிலேயே நின்றாள்.

"மாஸ்ட்ரோ, வெள்ளிக்கிழமை பதவியேற்பு. கீதம் முடிஞ்சதும் நம்ம பாட்டு."

"எந்தப் பாட்டு, டாக்டர்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. உங்கப்பா பாட்டு."

"எங்க ஆளுங்களுக்கு அது வராது டாக்டர். ஒருத்தரும் வாசிச்சதில்ல."

"உங்களுக்கு வரும்ல?"

செகுந்தினோ மாத்தேயை ஒரு தடவை உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கீதத்தோட நிறுத்திக்கலாமே. அது எல்லாருக்கும் பொது."

"முப்பது வருஷமா அவங்களுக்கு ஊதினீங்க. எனக்குன்னு வரும்போது மட்டும் பொதுவா?" மரேக்கோ சிரித்தார். "இப்ப ஜனநாயகம், மாஸ்ட்ரோ. பயப்படக் கூடாது."

பயப்படாமல் இருப்பது இனிமேல் சட்டப்படி கட்டாயம் என்பதுபோல இருந்தது, அவர் சொன்ன விதம்.

மறுநாள் காலை ரொட்டிக்கடையில் தோன் அஸ்தேரியோ நின்றார். தற்செயலாக வந்தவர்போல, இன்னும் சூடு ஆறாத சீபா ரொட்டி ஒன்றைப் பிட்டு செகுந்தினோவின் கையில் வைத்தார்.

"மாஸ்ட்ரோ, உங்க பொண்ணு ரொம்ப நல்லா பாடம் எடுக்குதாமே."

"உங்க தயவு, தோன் அஸ்தேரியோ."

தயவுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் மகள் சுனில்தாவுக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது அவர் சொல்லித்தான். அதற்காகப் பெண்ணைக் கட்சி ஆபீஸுக்குக் கூட்டிப்போய் சிவப்புக் கட்சியின் உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுத்தவர் செகுந்தினோ. அன்றும் பேண்டு வாசித்தது.

"சாக்கோ பக்கம் ஒரு பள்ளிக்கூடம் டீச்சரே இல்லாம பூட்டிக் கெடக்குதாம். பாவம் அந்தப் பிள்ளைங்க. யாராவது நல்ல டீச்சரா இருந்தா சொல்லுங்கன்னு மந்திரி ஆபீஸ்ல கேட்டாங்க." அஸ்தேரியோ விரல்களில் ஒட்டிய சீபாத் துகளைத் தட்டினார். "நான் யார் பேரையும் சொல்லல."

சாக்கோ இருப்பது பெரிய ஆற்றுக்கு அந்தப் பக்கம். மழை பெய்தால் பஸ் போகாது. பெய்யாவிட்டால் குடிக்கத் தண்ணீர் இருக்காது. போன டீச்சர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. கல்யாணமாகி அங்கேயே தங்கினார்கள், அல்லது வேலையை விட்டார்கள். செகுந்தினோ கையிலிருந்த சீபாவைத் தின்னாமல் வீடுவரை கொண்டுவந்தார்.

இரவு சாப்பாட்டில் தெல்ஃபினா மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "வெள்ளிக்கிழமை உங்களுக்குப் பல்வலி. தாடையில துணியைக் கட்டிக்கிட்டுப் படுங்க."

"எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

"தெரியட்டுமே. பல்வலி எந்தக் கட்சின்னு கேக்கப் போறாங்களா?"

சுனில்தா சிரித்தாள். இருபத்தெட்டு வயது, அம்மாவின் கன்னம், அப்பாவின் ஒல்லி. "பசங்க இன்னைக்கு ஒண்ணு கேட்டாங்கப்பா. 'டீச்சர், வெள்ளிக்கிழமை எந்தப் பாட்டுக்கு எழுந்திருக்கணும்?'னு."

செகுந்தினோ கரண்டியைக் கீழே வைத்தார். "நீ என்ன சொன்ன?"

"கீதத்துக்கு மட்டும்னேன்."

"பசங்ககிட்டயா? அவங்க வீட்ல போய் சொல்லுவாங்களே!"

"சொல்லட்டும். அதுக்குத்தானே பாடம் எடுக்கறது."

 பெண் விளையாட்டாகப் பேசுகிறாளா, நிஜமாகவா என்று முகத்தைப் பார்த்தார். அவள் அவரையில் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தாள்.

ஒத்திகையை மரவள்ளிக் காட்டில் வைத்துக்கொண்டார்கள். டிரம்பெட்டின் வாயில் துணி அடைத்தார்கள். பெரிய டிரம்மின் மேல் போன்சோக் கம்பளியைப் போர்த்தினார்கள். டிரம் அடிப்பவர் கந்தெலாரியோ, சுனில்தாவின் ஞானத்தகப்பன், அந்த உறவால் செகுந்தினோவுக்குக் கொம்பாத்ரே, குண்டு ஆள். எந்தச் சாவு வீட்டிலும் யாரையாவது சிரிக்க வைத்துவிடுவார்.

"கொம்பாத்ரே, உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிம்பாங்க. மத்தளம் என்ன நெனச்சுக்கும்னு எவனும் கேட்டதில்ல. இன்னைக்குத் தெரியுது."

"மெதுவா அடிங்க."

"இதுக்கு மேல மெதுவான்னா வீட்ல இருந்தே அடிக்கலாம்."

மற்ற மூன்று பேரும் அந்த மெட்டை முதல் தடவையாகக் கேட்டார்கள். கிளாரினெட்காரர் பாதியில் நிறுத்தி, "இது நல்லாத்தான் இருக்கு," என்றார். சொன்ன பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். துணியைத் தாண்டி எவ்வளவு சத்தம் போயிற்றோ, மறுநாள் காலை ரொட்டிக்காரி மாவு பிசைந்துகொண்டே அதை முனகினாள். செகுந்தினோவைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நகராட்சிக் கட்டிடத்தைத் திறந்தபோது உள்ளே ஒரு நாற்காலிகூட இல்லை. பழைய தலைவர் போகும்போது நாற்காலி, மேஜை, தட்டச்சு மிஷின், எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக் கட்சி ஆபீஸுக்கு அனுப்பியிருந்தார். கேட்டதற்கு, அவை கட்சி வாங்கிக் கொடுத்தவை என்றார்களாம். சாலை போடும் இயந்திரமும் காணவில்லை. ஆகவே ஜனங்கள் வீட்டிலிருந்து அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சதுக்கத்துக்கு வந்தார்கள். தோல் நாற்காலி, மரநாற்காலி, பிளாஸ்டிக் கயிறு பின்னியது. எந்த நாற்காலி எந்த வீட்டுடையது என்று எல்லோருக்கும் தெரியும். சுனில்தா சமையலறை நாற்காலியைக் கொண்டுவந்திருந்தாள். அவளுக்கு முன்னால் வெள்ளை மேலங்கி போட்ட பிள்ளைகள் பள்ளிக்கூட பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

எதிர்த் தெரு ஓரத்தில் தன் வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு தோன் அஸ்தேரியோ நின்றார். தலையில் தொப்பி, கையில் மாத்தே. வேடிக்கை பார்க்க வந்தவர்போல.

செகுந்தினோவுக்கு உதடு காய்ந்திருந்தது. நீலத்தின் முதல் நாலு சுரங்களை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தார். வேறு எதுவும் நினைக்கக் கூடாது. கீதம், ஒரு மூச்சு இடைவெளி, அப்புறம் அந்த நாலு சுரம்.

கீதம் ஒழுங்காகப் போயிற்று. கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. முடிந்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டன, ஜனங்கள் உட்காரத் தொடங்கினார்கள்.

கந்தெலாரியோ டிரம்மில் இரண்டு அடி அடித்தார்.

வழக்கமான அந்த இரண்டு அடி. கை தானாக அடித்தது. அடித்ததும் செகுந்தினோவின் நெஞ்சு மூச்சை இழுத்தது, விரல்கள் தாமாகவே வால்வுகளில் ஓடிவிட்டன. மனதில் ஓடிய நாலு சுரமும் எங்கே போயிற்றோ. பாதி உட்கார்ந்தவர்கள் இடுப்பை மடித்த நிலையிலிருந்து மறுபடி விறைத்து நிமிர்வதைப் பார்த்த பிறகுதான் தாம் எதை ஊதிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. சிவப்பு. முப்பது வருஷத்துச் சிவப்பு, பிசிறில்லாமல், கணீரென்று.

கூட்டம் முழுக்க நின்றது. நீலக்காரர்களும் நின்றார்கள். மேடையில் மரேக்கோ நின்றார். அவர் கை கழுத்துக்குப் போயிற்று. அங்கே கட்டியிருந்தது நீலக் கைக்குட்டை என்பது நினைவு வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

நிற்பவர்களுக்கு நடுவில் ஓரிடம் மட்டும் பள்ளமாகத் தெரிந்தது. சுனில்தா உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளில் பாதிப் பேர் எழுந்திருந்தார்கள். எழுந்தவர்கள் திரும்பி டீச்சரைப் பார்த்தார்கள்.  கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி உட்கார்ந்தாள். அப்புறம் இரண்டு பேர். அப்புறம் வெள்ளை மேலங்கி எல்லாமே கீழே இறங்கிவிட்டது.

செகுந்தினோவுக்கு மூச்சு அறுந்தது. டிரம்பெட் ஒரு முறை அலறி நின்றது. கிளாரினெட் தனியாகச் சிறிது தூரம் போய், யாரும் வரவில்லை என்று தெரிந்து அதுவும் நின்றது.

எதிர்த் தெருவிலிருந்து கைதட்டல். தோன் அஸ்தேரியோ.

"பிரமாதம் மாஸ்ட்ரோ! டாக்டருக்கே கால் தானா எந்திரிச்சிருச்சே!"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவுவதற்குள் செகுந்தினோ டிரம்பெட்டை மறுபடி வாயில் வைத்தார். தைரியம் என்று சொல்ல முடியாது. அந்தச் சிரிப்பில் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். நீலத்தை ஊதினார். அப்பாவின் மூக்கில் மட்டுமே இருந்த மெட்டு முதல் தடவையாகச் சதுக்கத்தின் மேல் போயிற்று. சுத்தமாக வரவில்லை; உதடு நடுங்கியது.

கீழே புதுச் சங்கடம். எல்லோரும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். உட்கார்ந்தால் புதுத் தலைவருக்கு அவமரியாதை. நின்றால் எதிரே நிற்கிற அஸ்தேரியோவின் கண்ணில் படும். கொஞ்சம் பேர் நீலக் கைக்குட்டையை எடுத்துச் சுழற்றினார்கள், சிலர் அழுதார்கள். மற்றவர்களில் பலர் நாற்காலியைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகும் அவசரம் வந்தவர்கள்போல அங்குமிங்கும் நகர்ந்தார்கள். தையற்காரர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். எந்தப் பாட்டு என்று அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

சுனில்தா அதற்கும் எழுந்திருக்கவில்லை. மரேக்கோவின் மனைவி மேடையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது நாற்காலியை செகுந்தினோ தூக்கிக்கொண்டார். டிரம்பெட் அவள் கையில்.

"ரெண்டுக்குமே உக்காந்துட்டியே."

"பசங்ககிட்ட சொல்லிட்டேனேப்பா. அவங்க என்னையே பாத்துட்டிருந்தாங்க."

"அஸ்தேரியோவும் பாத்தார்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவள் டிரம்பெட்டைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "கால் நடுங்கிச்சுப்பா," என்றாள். "எந்திரிச்சிருந்தா விழுந்திருப்பேன்."

சனிக்கிழமை தோன் அஸ்தேரியோவின் வண்டி வாசலில் நின்றது. அவர் இறங்கவில்லை. சுனில்தா ஆற்றுக்குத் துணி எடுத்துப் போயிருந்தாள்.

"நாளைக்குக் கட்சி ஆபீஸ்ல கூட்டம் மாஸ்ட்ரோ. பேண்டோட வந்துருங்க."

"வரேன்."

"பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. முன்வரிசையில ஒரு நாற்காலி போட்டு வைக்கறேன். பாட்டு வந்ததும் எந்திரிக்கட்டும், நாலு பேர் பாக்கட்டும். அவ்வளவுதான். எனக்குக் கோவமெல்லாம் கெடையாது. சின்னப் பொண்ணு, காலம் மாறிப்போச்சுன்னு நெனச்சிருக்கும்."

வண்டி போன பிறகு தெல்ஃபினா உள்ளேயிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "சொல்லிருங்க. ஒரு தடவை எந்திரிச்சா என்ன கொறஞ்சு போகுது? நாம எந்திரிக்கலையா?"

"சொல்றேன்."

சாப்பிடும்போது சொல்ல வாயெடுத்தார். சொல்லியிருந்தால் அவள் வருவாள் என்று தோன்றியது. அப்பாவுக்காக வருவாள், எழுந்தும் நிற்பாள். அடுத்த நாள் வெள்ளை மேலங்கி போட்ட அத்தனை பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருக்கும். அவர் ஒரு துண்டு மரவள்ளியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். தெல்ஃபினா மேஜைக்கு அடியில் காலால் இடித்தாள். இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கட்சி ஆபீஸ் முற்றத்தில் நகராட்சியின் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. ஆம்புலன்ஸைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலி.

கந்தெலாரியோ டிரம்மின் வாரை மாட்டிக்கொண்டே கிசுகிசுத்தார். "சொன்னீங்களா, கொம்பாத்ரே?"

செகுந்தினோ தலையை அசைத்தார். ஆம் என்றா, இல்லை என்றா என்று கந்தெலாரியோவுக்குப் புரியவில்லை.

தோன் அஸ்தேரியோ பக்கத்தில் வந்தார். "பொண்ணு எங்க?"

"வீட்ல."

"வரமாட்டேன்னு சொல்லிச்சா?"

ஆம் என்று சொல்லிவிடலாம். உடம்பு சரியில்லை என்றும் சொல்லலாம். குளிர்காலம், எல்லோரும் நம்புவார்கள். செகுந்தினோ டிரம்பெட்டின் வால்வுகளை அழுத்தி அழுத்தி விட்டார்.

"அவகிட்ட சொல்லல."

"என்ன?"

"நீங்க சொன்னதை நான் அவகிட்ட சொல்லவே இல்ல, தோன் அஸ்தேரியோ."

அஸ்தேரியோ அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படவில்லை. ரொம்ப நாளாக வீட்டில் இருக்கும் பாத்திரத்தில் திடீரென்று ஓட்டை கண்டவர்போலப் பார்த்தார். "சரி," என்றார். "வாசிங்க."

வாசித்தார்கள். நன்றாகவே வந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். காலி நாற்காலியில் கடைசிவரை யாரும் உட்காரவில்லை.

மாற்றல் உத்தரவு எதுவானாலும் திங்கட்கிழமை காலை பள்ளி மேற்பார்வையாளர் கையில்தான் வரும். அவர் வகுப்பு நடுவிலேயே கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிட்டுப் போவார் என்று சொல்வார்கள். அடுத்த நாள் சுனில்தா எப்போதும்போலக் கிளம்பினாள். வாசலில் நின்று இரண்டு கைகளையும் கூப்பி ஆசி கேட்டாள்; செகுந்தினோ கையை உயர்த்திச் சிலுவை போட்டார். சின்ன வயதிலிருந்து ஒரு நாள் தவறாத வழக்கம். அவள் தெருமுனை திரும்பியதும் அவரும் செருப்பை மாட்டிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு லப்பாச்சோ மரம். அதனடியில் நின்றால் அவள் வகுப்பு ஜன்னல் வழியாகப் பேர் கூப்பிடுவது கேட்கும். அகோஸ்தா. அயாலா. பாரியோஸ். கடைசிப் பேர் வரைக்கும் கேட்டுவிட்டுத் திரும்பினார். அடுத்த திங்கட்கிழமையும் போனார். பிறகு எல்லாத் திங்கட்கிழமையும்.  "உத்தரவு வர்றதுன்னா நீங்க அங்க நின்னா திரும்பிப் போயிருமா?" என்று தெல்ஃபினா கேட்டாள். போகாதுதான். நகராட்சிக்கு இன்னும் நாற்காலி வரவில்லை. மரேக்கோ நின்றுகொண்டே ஆபீஸ் நடத்துவதாக ஊரில் சிரித்தார்கள். பேண்டைத் திருநாளுக்குக் கூப்பிடுவதைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை.

லப்பாச்சோ இலையை உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்பாகப் பூத்த வாரம். திங்கட்கிழமை. மணி அடித்தது. செகுந்தினோ காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"அகோஸ்தா," என்றது ஒரு குரல். அவள் குரல் இல்லை.

மரத்தைப் பிடித்துக்கொண்டார். "அயாலா," என்றது மறுபடியும். யாரோ. புது ஆள். அப்படியானால் காலையிலேயே, அவர் வந்து சேர்வதற்குள்ளேயே கொடுத்துவிட்டார்கள். இப்போது அவள் எங்கே? பஸ் நிலையத்திலா? கைகூப்பிவிட்டுப் போனாளே, அரைமணிகூட ஆகவில்லையே.

தெருவைக் கடந்தது தெரியவில்லை. வாசலையும் தாழ்வாரத்தையும் தாண்டி வகுப்பின் கதவைத் தள்ளினார்.

உள்ளே ஒரு சிறுமி மேஜையருகே நின்று பேர் வாசித்துக்கொண்டிருந்தாள். சுனில்தா கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தாள். தொண்டை கட்டியிருந்தது. காலையில் வீட்டில் அவள் ஒரு வார்த்தையும் பேசாதது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

பெரியவர் ஒருவர் உள்ளே வந்ததைக் கண்டதும் பிள்ளைகள் எல்லோரும் தடதடவென்று எழுந்து நின்றார்கள். பள்ளி வழக்கம்.

"உக்காருங்க, உக்காருங்க," என்றார் செகுந்தினோ, பதறிப்போய். "எனக்கெல்லாம் வேண்டாம். உக்காருங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். சுனில்தா திரும்பினாள். சாக்பீஸோடு கைகள் தாமாகக் குவிந்தன, ஏற்கெனவே வீட்டில் ஒருமுறை கேட்டாயிற்று என்பதை மறந்து. அவர் கையும் உயர்ந்தது, சிலுவை போட்டது.

"என்னப்பா?" என்றாள், குரலே இல்லாமல்.

"சும்மாதான்," என்றார்.

வெளியே வந்தபோது மேற்பார்வையாளரின் வண்டி வாசலில் வந்து நின்றது. செகுந்தினோ ஒதுங்கி நின்றார். மேற்பார்வையாளர் இறங்கி, தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு, தலைமையாசிரியை அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து வண்டியேறிப் போய்விட்டார். கையில் எதையாவது கொண்டுபோனாரா, கொடுத்துவிட்டு வந்தாரா என்று செகுந்தினோவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மரத்தடிக்குத் திரும்பினார். உள்ளே அந்தச் சிறுமியின் குரல் பேர்களை வாசித்து முடித்தது. பிறகு சாக்பீஸ் கரும்பலகையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.